இலைச்சாறு சேர்க்காத ஒரு குருசிபிள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இலைச்சாற்றைக் கொண்டு உலோக ஆக்சைடு நானோ துகள்கள் செய்துவரும் ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களுடைய நெறியாளர்களுக்கும்,



உங்கள் ஆய்வகத்தில் நடப்பதை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. காலையில் பறித்த இலையைக் குழாய்த் தண்ணீரிலும், பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் கழுவுகிறீர்கள். நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, 10 கிராமை 100 மில்லி நீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறீர்கள். வாட்மேன் தாளில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் சாறு இறங்குகிறது. அதில் துத்தநாக நைட்ரேட்டைக் கரைத்து, மேக்னடிக் ஸ்டிரரின் மேல் 70, 80 டிகிரியில் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டி, பழுப்புக் களிம்பாகப் பீக்கரின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. அதைக் குருசிபிளில் வழித்துப் போட்டு, மஃபிள் உலையில் 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடுகிறீர்கள். உலை ஆறியபின் கதவைத் திறந்தால் பழுப்பு போயிருக்கிறது. தொட்டால் பொலபொலவென்று உதிரும் வெளிர்மஞ்சள் தூள் இருக்கிறது. அதை அரைத்துக் குப்பியில் இட்டு, வேம்பு என்றோ துளசி என்றோ குப்பைமேனி என்றோ எழுதி ஒட்டுகிறீர்கள்.

அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். குப்பியில் இருக்கும் தூள் இலையால் வந்ததா, உலையால் வந்ததா?

துத்தநாக நைட்ரேட்டை மட்டும் குருசிபிளில் போட்டு அதே 400 டிகிரியில் சுட்டுப் பாருங்கள். பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு புகைந்து வெளியேறும். துத்தநாக ஆக்சைடு மிஞ்சும். நைட்ரேட் சிதைந்தால் இதுதான் நடக்கும் என்று நீங்கள் இளங்கலையிலேயே படித்திருக்கிறீர்கள். ஆனாலும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: இலையிலுள்ள பாலிஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் துத்தநாக அயனியை ஒடுக்கி நானோ துகளாக்கின என்று. துத்தநாக நைட்ரேட்டில் துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் +2. துத்தநாக ஆக்சைடிலும் +2. துத்தநாகம் எலக்ட்ரான் எதையும் பெறவில்லை. நடக்காத ஒடுக்கத்துக்கு அம்புக்குறி போட்டு வினைவழி வரையப்பட்டிருக்கிறது, நெறியாளர் கையொப்பமிட்டிருக்கிறார், தேர்வாளர்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

துத்தநாகத்தின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் −0.76 வோல்ட். வெள்ளிக்கு +0.80. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே, வெள்ளி அயனியை எளிதாக உலோகமாக்கிவிடும் இலைச்சாறு துத்தநாகத்தை அப்படிச் செய்ய முடியாது என்பது புலப்படும். டைட்டானியம் உப்பிலும் டைட்டானியம் டை ஆக்சைடிலும் டைட்டானியம் +4தான். மக்னீசியமும் மாறுவதில்லை. சீரியம் நைட்ரேட்டிலிருந்து சீரியம் டை ஆக்சைடு செய்யும்போது +3 இலிருந்து +4 ஆகிறது. அது ஒடுக்கத்துக்கு நேர் எதிரான ஆக்சிஜனேற்றம். அதற்கும் அதே பத்தியைப் போட்டு, உலோகத்தின் பெயரை மட்டும் மாற்றியிருப்பதை என்னவென்று சொல்வது?

அந்த விளக்கம் பிறந்த இடம் பெருமைக்குரியது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு ஜெரேனியம் இலையாலும் வேப்பிலையாலும் எலுமிச்சைப்புல்லாலும் வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து காட்டியது. எலுமிச்சைப்புல் சாற்றில் தங்கம் முக்கோணத் தகடுகளாக வளர்ந்ததைக் கண்டு உலகமே திரும்பிப் பார்த்தது. அங்கே ஒடுக்கம் உண்மையாகவே நடந்தது; கரைசலின் நிறம் மாறியதே அதைக் காட்டிக்கொடுத்தது. அங்கே பொருந்திய விளக்கத்தை ஆக்சைடுகளுக்கு அப்படியே பெயர்த்து நட்டதுதான் தவறு.

அப்படியானால் ஆக்சைடில் இலைக்கு வேலையே இல்லையா? இருக்கலாம். அது என்ன வேலை என்று கேட்பதுதான் உண்மையான ஆய்வு. 1988இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜே.ஜே. கிங்ஸ்லியும் கே.சி. பாட்டீலும் அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து 500 டிகிரி உலையில் வைத்தார்கள். கரைசல் கொதித்து, நுரைத்து, தீப்பற்றி, ஐந்தே நிமிடத்தில் மென்மையான அலுமினாவாகப் பொங்கி நின்றது. நைட்ரேட் ஆக்சிஜன் தருகிறது, யூரியா எரிபொருளாகிறது. கரைசல் எரிப்பு முறை என்று பெயர்பெற்ற இதைப் பாட்டீலும் அவர் மாணவர்களும் பல ஆக்சைடுகளுக்கு விரித்தார்கள். உங்கள் இலைச்சாற்றில் சர்க்கரையும் கரிம அமிலங்களும் இருக்கின்றன. அவை நைட்ரேட்டோடு சேர்ந்து உலைக்குள் எரிகின்றன. உலோக அயனியைப் பற்றிக்கொண்டு, துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்காமல் தடுக்கவும் அவற்றால் முடியும். அதாவது உங்கள் செடி எரிபொருளாகவும் பிணைப்பானாகவும் வேலை செய்கிறது என்பது நியாயமான கருதுகோள்.

இதைச் சோதிக்க நான்கு குருசிபிள் போதும். ஒன்றில் நைட்ரேட் மட்டும், இன்னொன்றில் அதோடு இலைச்சாறு, மூன்றாவதில் சாற்றில் இருக்கும் அளவுக்குச் சர்க்கரை, நான்காவதில் சிட்ரிக் அமிலம். பி.எச். ஒன்றாக இருக்கட்டும், உலையின் சூடும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். நான்கு தூளும் ஒரே மாதிரி வந்தால், உங்கள் செடிக்கு அங்கே தனிச்சிறப்பு எதுவும் இல்லை. இலைச்சாறு போட்டது மட்டும் சிறியதாகவோ வேறு வடிவிலோ வந்தால், அப்போதுதான் உங்கள் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது.

உலையிலிருந்து வந்தபின் சொல்லப்படும் கதைகளையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் காற்றில் சுட்டபின், தாவர மூலக்கூறுகள் துகளைப் போர்த்தி நிலைநிறுத்துகின்றன என்று எழுதுகிறீர்கள். பழுப்புக் களிம்பு வெளிர்ந்ததே அந்த மூலக்கூறுகள் எரிந்துபோனதற்குச் சாட்சி அல்லவா? எஃப்.டி.ஐ.ஆர். வரைபடத்தில் 3400ஐ ஒட்டி அகலமாக வரும் பள்ளத்தை ஃபீனால் என்கிறீர்கள். தூளின் மேல் ஒட்டிய ஈரமும் அங்கேதான் தெரியும். 1630இல் வருவதைப் புரதத்தின் அமைடு என்கிறீர்கள். அதுவும் நீராக இருக்கலாம். 2350ஐ ஒட்டி வருவது பெரும்பாலும் கருவிக்குள் இருக்கும் காற்றின் கார்பன் டை ஆக்சைடு. இலையே இல்லாத தூளுக்கும் ஒரு வரைபடம் எடுத்து மேலே கீழே வைத்திருந்தால் இந்தக் குழப்பம் எழுந்தே இருக்காது. ஷெரர் சமன்பாட்டில் கிடைக்கும் எண்ணும் அப்படித்தான். 1918இலிருந்து வழக்கில் இருக்கும் அந்தச் சமன்பாடு படிகத்தின் அளவைச் சொல்லும். துகளின் அளவைச் சொல்லாது. 20 நானோமீட்டர் படிகங்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டி, ஒரு மைக்ரான் கட்டியாக உங்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலேயே கிடக்கின்றன. படத்துக்குக் கீழே 20 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறது.

இரும்பில் இன்னொரு பொறி இருக்கிறது. கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காய்ச் சாற்றில் துணியை ஊறவைத்து உலர்த்தி, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரால் அதன்மேல் கோடு போடுவார்கள். கோடு போட்ட இடம் அப்போதே கறுத்துவிடும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த அணைவுச் சேர்மம் அது. தேயிலைச் சாற்றில் ஃபெரிக் குளோரைடை ஊற்றியதும் நீங்கள் காணும் கறுப்பும் பல சமயங்களில் அதுவே. கரைசல் கறுத்துவிட்டது, ஆகவே இரும்பு நானோ துகள் உருவாகிவிட்டது என்று அங்கேயே முடித்துவிடாதீர்கள்.

செடியின் பெயரிலும் இதே அவசரம் தெரிகிறது. ஆவாரையை ஒருவர் கேசியா ஆரிகுலேட்டா என்கிறார், இன்னொருவர் சென்னா ஆரிகுலேட்டா என்கிறார். இரண்டும் ஒரே செடி. கற்பூரவல்லிக்கு மூன்று அறிவியல் பெயர்கள் புழக்கத்தில் உண்டு. கீழாநெல்லி என்று சந்தையில் வாங்கிய கட்டில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் இருக்க, கட்டுரையில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக் கூடம் இருக்கிறது. கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுத்தது அங்கிருந்துதான். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது. ஒரு கிளையை அழுத்தி உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்து, பெயரை உறுதிசெய்து, மாதிரி எண்ணை வாங்கி ஆய்வேட்டில் எழுதுங்கள். பறித்த மாதத்தையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். தை மாதத்து வேப்பிலையும் ஆடி மாதத்து வேப்பிலையும் ஒரே அளவு ஃபீனால் தருவதில்லை. சாற்றின் மொத்த ஃபீனால் அளவைச் சொல்லாமல், 10 கிராம் இலை என்று மட்டும் எழுதினால் அடுத்தவரால் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது.

இத்தனையும் சொல்லும்போது உங்கள் நிலைமையை மறந்துவிடவில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது. எக்ஸ்.ஆர்.டி.க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் வேறு ஊருக்குச் சாம்பிள் அனுப்பி, கட்டணத்தைப் பலர் கைக்காசிலிருந்து கட்டுகிறீர்கள். அதனால்தான் ‘கன்ட்ரோல்’ தூளுக்கும் ஒரு முறை கட்டணமா என்று கை இழுத்துக்கொள்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு கட்டுரையாவது வெளிவர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதி கேட்டது. இலையும் உப்பும் உலையும் இருந்தால் சில மாதங்களில் ஒரு கட்டுரை தேறிவிடும் என்பதால் பலர் இந்தப் பாதைக்கு வந்தீர்கள். அதில் உங்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. தங்கள் அளவில் அதை இன்னும் பிடித்துவைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டென்றாலும், அவசரத்துக்கான காரணம் பாதி போய்விட்டது. நெறியாளர்களே, இதை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, பயன். உங்கள் கட்டுரைகள் எல்லாமே ஏதோ ஒரு பயனில்தான் முடிகின்றன; அந்தப் பயனை யாரும் ஆய்வகத்துக்கு வெளியே எடுத்துப்போவதில்லை என்பதே இந்த மடலின் பெரிய ஆதங்கம்.

சாயக்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்திலீன் நீலக் கரைசலில் தூளைப் போட்டு, வெயிலில் வைத்து, 664 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைவதைக் காட்டி, திருப்பூரின் துயரம் தீர வழி உண்டு என்று முடிக்கிறீர்கள். திருப்பூரின் பின்னலாடைப் பருத்திக்கு மெத்திலீன் நீலம் ஏற்றப்படுவதில்லை. ரியாக்டிவ் சாயங்கள் ஏற்றப்படுகின்றன. அந்தக் கழிவில் சாயத்தைவிடப் பெரிய சிக்கல் உப்பு. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. உப்பு நிறைந்த, காரத்தன்மை மிகுந்த அந்த நீரில் துத்தநாக ஆக்சைடு எத்தனை நாள் தாங்கும்? மிகுந்த அமிலத்திலும் மிகுந்த காரத்திலும் கரைந்துபோகும் சேர்மம் அது. ஒளியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படும். கரைந்த துத்தநாகம் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. மெத்திலீன் நீலமோ தூள் இல்லாமலேயே வெயிலில் வெளிறும். இருட்டில் வைத்து ஒட்டுதலை அளந்தீர்களா? நிறம் போனபின் நீரில் மிஞ்சிய கரிமத்தை அளந்தீர்களா? ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அனுமதியோடு ஐந்து லிட்டர் நிஜக் கழிவை வாங்கி வந்து சோதித்துவிட்டால், உங்கள் முடிவு தோல்வியாகவே இருந்தாலும் அந்த நகரத்துக்கு அது ஒரு தகவல்.

பாக்டீரியாச் சோதனையில் அகார் தட்டில் துளையிட்டுத் தூளைக் கரைசலாக ஊற்றி, சுற்றி வரும் வெற்று வளையத்தை மில்லிமீட்டரில் அளக்கிறீர்கள். நீரில் கரையாத துகள் அகாருக்குள் எங்கே பரவப்போகிறது? வளையத்தை உண்டாக்கியது பெரும்பாலும் கரைந்து வெளியேறிய துத்தநாக அயனியாக இருக்கலாம். அதே அளவு துத்தநாகம் கொண்ட சாதாரண உப்பைப் பக்கத்துத் துளையில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வயல்தான் உங்கள் வேலைக்கு நல்ல இடம் என்று தோன்றுகிறது. 1966இல் ஒய்.எல். நேனே, பந்த்நகர் வயல்களில் நெல்லைத் துருநிறமாக்கிய ‘கைரா’ நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகப் பற்றாக்குறைதான் என்று கண்டுபிடித்தார். தமிழ்நாட்டின் சுண்ணாம்பு மண்ணிலும் தொடர்ந்து நீர் தேங்கும் நெல் வயல்களிலும் அதே குறை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்கிறது. பற்றாக்குறை தெரிந்தால் 0.5 சத துத்தநாக சல்பேட்டோடு 1 சத யூரியா கலந்து இலையில் தெளிக்கச் சொல்கிறது. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் என்றால் துத்தநாகம் ஏறத்தாழ ஒரு கிராம். உங்கள் ஆக்சைடில் எடையில் 80 சதம் துத்தநாகம். ஆகவே லிட்டருக்கு 1.3 கிராம் தூள் அதற்குச் சமம். இந்தக் கணக்கில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் தெளித்துப் பார்த்தீர்களா? பாதி அளவில் உங்கள் தூள் அதே பலன் தந்தால், விவசாயிக்கு அது செய்தி. விசைத்தெளிப்பானின் மூக்கில் கட்டிதட்டி அடைத்துக்கொண்டால் அதுவும் செய்தி.

2012இல் திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் டி.என்.வி.கே.வி. பிரசாத் குழு நிலக்கடலையில் நானோ துத்தநாக ஆக்சைடைச் சோதித்தபோது, பத்து லட்சத்தில் 1000 பங்கு என்ற அளவில் முளைப்பும் விளைச்சலும் கூடின. 2000 ஆனபோது பயிருக்குக் கேடானது. அவர்கள் இலைச்சாற்றை நாடவில்லை. ஆனால் ஒரு பயிர், பல அளவுகள், ஒப்பிட வழக்கமான உரம் என்று முறையாக வயல்வரை போனார்கள். வேளாண் நானோ பொருள்களை மதிப்பிட 2020இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. துகளின் அளவு, நிலைப்பு, நச்சுத்தன்மை என்று அதில் கேட்கப்படும் விவரங்களை எடுத்துவைத்து உங்கள் ஆய்வேட்டைத் திட்டமிடலாமே.

செய்து முடிக்க முடியும் என்பதற்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராசில் டி. பிரதீப்பின் குழு, நீரில், அறை வெப்பத்தில், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானோடு சேர்த்து உலோக ஆக்சிஹைட்ராக்சைடு நானோ பொருள்களைச் செய்தது. 2013இல் வெளியான அவர்களுடைய கட்டுரை அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடில் வெள்ளியைப் பொதித்துக் குடிநீர்க் கிருமிகளைக் கொல்வது பற்றியது. அதே வழியில் இரும்பைக் கொண்டு உருவானதுதான் ஆர்செனிக் நீக்கும் ‘அம்ரித்’. உயிர்ப்பொருள், நீர், நானோ ஆக்சைடு என்று பார்த்தால் உங்கள் வேலைக்கு நெருங்கிய உறவு அது. வேறுபாடு எங்கே? தூள் நீரோடு போய்விடாதபடி மணிகளாக்கினார்கள். சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் கலந்த நிஜ நிலத்தடி நீர் அதை எப்படித் தொல்லை செய்யும் என்று பார்த்தார்கள். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்புக்குள் ஆர்செனிக் வருகிறதா, பொருளிலிருந்து வேறெதுவும் நீரில் கசிகிறதா என்று அளந்தார்கள்.

பசுமை என்ற சொல்லையும் இலையைக் கொண்டு மட்டும் நிறுவ முடியாது. 1998இல் பால் அனஸ்தாசும் ஜான் வார்னரும் வகுத்த 12 பசுமை வேதியியல் கோட்பாடுகளில் கழிவைத் தவிர்ப்பதுதான் முதலில் நிற்கிறது; ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவதும் அவற்றில் ஒன்று. 297 கிராம் துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட்டிலிருந்து கிடைப்பது 81 கிராம் ஆக்சைடுதான். மீதியில் பெரும்பகுதி நீராவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளுமாக உலையின் புகைபோக்கி வழியே போகிறது. உலை தின்ற மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு. அந்த எண்ணை ஒரு ஆய்வேட்டிலாவது எழுதுங்கள். நைட்ரேட்டுக்குப் பதில் அசிட்டேட் போட்டால் என்ன, 400 டிகிரி இல்லாமலே முடியுமா என்ற கேள்விகள் அங்கிருந்துதான் பிறக்கும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மாணவர்களே, அடுத்த முறை உலையை மூட்டும்போது இலைச்சாறு சேர்க்காத குருசிபிள் ஒன்றையும் உள்ளே வையுங்கள். அதற்கும் சேர்த்தே சாம்பிள் கட்டணம் கட்டுங்கள். அதன் முடிவை ஆய்வேட்டின் முதல் அட்டவணையில் போடுங்கள். ஒரே செய்முறையை மூன்று முறை செய்து மூன்றையும் காட்டுங்கள். இலையால் வேறுபாடு எதுவும் வரவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

நெறியாளர்களே, அப்படி எழுதிவரும் மாணவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வைவாவில் அமரும்போது, எந்த எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போனது என்று கேளுங்கள். எம்.எஸ்சி. நான்காம் பருவ ப்ராஜெக்ட்களுக்கு ஆளுக்கொரு செடியைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். துறைக்கு ஒரு செடி, ஒரு ஆக்சைடு, ஒரு பயன் என்று தேர்ந்து, இருபது மாணவர்களையும் அதில் இறக்குங்கள்: ஒருவர் சாற்றின் ஃபீனாலை மாதந்தோறும் அளக்கட்டும், ஒருவர் உலையின் சூட்டை மாற்றிப் பார்க்கட்டும், ஒருவர் தூள் நீரில் எவ்வளவு நேரம் படியாமல் நிற்கிறது என்று கவனிக்கட்டும், இருவர் பக்கத்து ஊர் வயலில் பாத்தி பிரிக்கட்டும். தலைப்புகள் முடிவாவதற்கு முன் கூடும் துறைக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.